கதிர் பொறுக்குகிற பெண்களும் குதிரைமேல் இருக்கிறவரும்

பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியம் இன்று பலருக்கும் ஓர் அமைதியான கிராமத்துக் காட்சி. 1857-இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் அது தொங்கியபோது சிலருக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பெண்களுக்குப் பின்னால் 1793-இன் கொலைமேடை, அதாவது பிரெஞ்சுப் புரட்சியில் தலைகள் வெட்டப்பட்ட மேடை, தெரிகிறது என்றுகூட ஒரு விமர்சகர் எழுதினார். பிரான்ஸில் மன்னராட்சியைக் கவிழ்த்த 1848 புரட்சி முடிந்து ஒன்பது வருடமே ஆகியிருந்தது.

அந்தப் பயத்துக்கான காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. முதலில் பின்னணியைப் பாருங்கள். அடிவானத்தையொட்டி உயர உயரக் கதிர்ப்போர்கள், பாரம் ஏற்றும் வண்டி, கூட்டமாக அறுவடை ஆட்கள். வலது ஓரத்தில், விரல்நுனி அளவுக்குக் குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளர். அதன்பிறகு முன்னால் வாருங்கள். இரண்டு பெண்கள் முழுக்கக் குனிந்திருக்கிறார்கள். மூன்றாமவர் பாதி நிமிர்ந்திருக்கிறார். நீலத் தலைத்துணிக்காரர் ஒரு கையை முதுகின்மேல் வைத்திருக்கிறார். அந்தக் கைக்குள் பொறுக்கிய கதிர்கள். விளைச்சல் முழுவதும் தூரத்தில், சிந்தியது மட்டும் இவர்கள் கையில். படத்தின் அரசியல் இந்த இடைவெளிதான். ஓரங்களை வெட்டிப் பகிரும்போது முதலில் போவது குதிரைக்காரர். அவர் போனதும் மிஞ்சுவது வெறும் உழைப்பின் அழகு.

அறுவடைக்குப் பின் வயலில் சிந்திக் கிடக்கும் கதிரை ஏழைகள் பொறுக்குவது அன்று சட்டம் வரையறுத்த உரிமை. விளைச்சலை முழுதாக அகற்றாத வயலிலோ, சூரியன் உதிக்கும் முன்போ, மறைந்த பின்போ பொறுக்கினால் 1810-இன் தண்டனைச் சட்டப்படி அபராதம். இதைத் தெரிந்துகொண்டு இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஜூல் ப்ரெதோனின் 1859-ஆம் ஆண்டு ஓவியத்துக்கு வாருங்கள். அதிலும் கதிர் பொறுக்கும் பெண்கள்தான். நேரம் முடிந்தது என்று ஊர்க் காவலர் வாயருகே கை குவித்துக் கூவுகிறார்; வானத்தில் பிறை. அதே சட்டம்தான், ஆனால் இங்கே அது மாலை நேர அழகாகிவிடுகிறது. பெண்கள் வெறுங்காலோடு இருந்தாலும் சிலைபோல நிமிர்ந்து நடக்கிறார்கள். வயலுக்குச் சொந்தக்காரர் தரப்பு கண்ணில் படுவதே இல்லை. இந்தப் படத்தை அன்றைய பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வாங்கியதில் வியப்பில்லை.

அளவையும் விட்டுவிடக் கூடாது. ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஏறத்தாழ 84 × 112 செ.மீ. அதே காலத்துப் பிரெஞ்சு ஓவியர் கூர்பே தன் ஊரின் சவ அடக்கத்தை வரைந்த ‘ஓர்னானில் ஓர் அடக்கம்’ ஏறத்தாழ 315 × 660 செ.மீ. அவ்வளவு பெரிய ஓவியத் துணி அதுவரை மன்னர்களுக்கும் புராண வீரர்களுக்கும் உரியது. அதில் சாதாரண ஊர்க்காரர்களை ஆளுயரத்துக்கு நிறுத்தியதே பலருக்கு அவமதிப்பாகப் பட்டது. கைப்பேசித் திரையில் இது தெரியவே தெரியாது. படத்தின் கீழே அளவு போட்டிருந்தால் அதைப் படித்துவிட்டுச் சுவரில் ஒருமுறை கையால் அளந்து பாருங்கள்.

மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கும் இன்னொரு பிழை, மில்லேயை அப்படியே சோஷலிஸ்ட் ஆக்கிவிடுவது. அந்தப் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. ஓவியர் என்ன நினைத்தார் என்பது வேறு, அன்றைய பார்வையாளர் எதைக் கண்டு கலங்கினார் என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பார்வையாளர்களும் மாறினார்கள். மில்லே இறந்து 14 ஆண்டுகள் கழித்து, 1889 ஏலத்தில் இதே படம் 3,00,000 ஃபிராங்குக்குப் போனது. வாங்கியவர் ஷாம்பெயின் வணிகரான மதாம் பொம்மெரி. மறுவருடமே அவர் கொடையாக அது லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போனது. கொலைமேடையை நினைவுபடுத்திய பெண்கள் அதற்குள் பிரான்ஸின் பெருமையாகிவிட்டிருந்தார்கள்.