சாட்சியம் கையில் இருந்தும் தவறிய தீர்ப்பு

"யாரைப் பற்றியும் சட்டென்று முடிவு கட்டாமலிருந்தால் பாதிக் கவலை குறையும் என்கிறார்கள். மூளைக்கு அது சாத்தியமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதலில் தோன்றும் எண்ணத்தைத் தடுப்பது கடினம். அதை முடிவாக உறைய விடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

1988இல் உளவியலாளர்கள் டேனியல் கில்பர்ட், பிரெட் பெல்ஹாம், டக்ளஸ் க்ரல் ஆகியோர் வெளியிட்ட சோதனை இது. ஒலியில்லாத காணொளியில் ஒரு பெண் பதற்றத்தோடு பேசுகிறார். எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது எழுத்தாகத் திரையில் வரும். சிலருக்குக் காட்டியது வெளியே சொல்லக் கூசும் தலைப்புகள். மற்றவர்களுக்குச் சாதாரணத் தலைப்புகள். இவர் இயல்பிலேயே பதற்றக்காரரா என்பதுதான் கேள்வி. கூசும் தலைப்புகளைக் கண்டவர்கள், இதைப் பேசச் சொன்னால் யாருக்கும் பதறும்தானே என்று சலுகை கொடுத்தார்கள்.

அடுத்த குழுவுக்கு ஒரு வேலை கூடுதல்: அந்தத் தலைப்புகளை மனப்பாடம் செய்யவேண்டும். அவர்களுக்குத் தலைப்புகள் நன்றாகவே நினைவிலிருந்தன. ஆனால் சலுகை காணாமல் போயிற்று. அந்தப் பெண்ணைக் காப்பாற்றும் சாட்சியத்தையே உருப்போட்டுக்கொண்டு, அவருக்கு எதிராகத் தீர்ப்பெழுதினார்கள்! உளவியலில் இவ்வளவு குறும்பான சோதனைகள் அதிகமில்லை.

கில்பர்ட் சொல்லும் விளக்கத்தில் மூன்று படிகள்: நடத்தையை அடையாளம் காண்பது, அதை ஆளின் குணமாக்குவது, பிறகு சூழ்நிலையைக் கணக்கிலெடுத்துத் திருத்துவது. முதல் இரண்டும் பெரிதாக முயற்சியில்லாமலே ஓடும். மூன்றாவதற்குக் கவனம் தேவை. கவனம் வேறெங்கோ செலவானால் திருத்தம் நடக்காது. அவசரத்தில் பிறந்த கணிப்பை 'உள்ளுணர்வு' என்று கும்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. பல நேரம் அது இரண்டாம் படியில் நின்றுபோன வேலை.

நடைமுறைக்கு வருவோம். 'காலையில் அனுப்பிய செய்திக்கு மாலைவரை பதிலில்லை' என்பது கண்டது. 'என்னை மதிக்கவில்லை' என்பது நாம் சேர்த்தது. இரண்டையும் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். இரண்டாவதை மாற்றக்கூடிய ஒரு தகவல் என்ன, அது எப்போது கிடைக்கும் என்று கீழே குறியுங்கள். 'நாளை மாலை ஒரு முறை அழைப்பேன்' என்பதுபோல நாளும் செயலும் இருக்கவேண்டும். வெறுமனே 'பார்க்கலாம்' என்று விட்டால் மனம் அதையே சுற்றிவரும். முடியாத வேலை பற்றிய எண்ணங்களின் குறுக்கீடு, திட்டவட்டமான திட்டம் போட்டதுமே குறைகிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் காட்டினார்கள். வேலையை முடிக்கக்கூடத் தேவையிருக்கவில்லை.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் வேறு: தீர்ப்பை நிறுத்துவதாக நினைத்துக் கோபத்தை அமுக்குவார்கள். கிராஸ், லெவன்சன் என்ற உளவியலாளர்களின் 1997 ஆய்வில், சோகப் படம் பார்த்தபோது முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களுக்குச் சோகம் குறையவில்லை. இதயமும் ரத்தநாளங்களும்தான் கூடுதலாகப் பாடுபட்டன. 'கோபமாக இருக்கிறது' என்று ஒப்புக்கொள்ளலாம். 'அவர் கெட்டவர்' என்பதை மட்டும் நிலுவையில் வையுங்கள்.

நெஞ்சுவலி, எரிவாயு நாற்றம் போன்றவற்றில் காத்திருப்பதே ஆபத்து. அங்கே உடனே செயல்படவேண்டும். தொலைபேசியில் ஒருவர் ஓடிபி கேட்டால், அவர் மோசடிக்காரரா என்று தீர்மானிக்கும்வரை இணைப்பில் இருக்கவேண்டியதில்லை. எண்ணைச் சொல்லாமல் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேட்கலாம்.