விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறதா?

படிக்கிற கண்ணாடியை மாற்ற வந்த ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், போனை நீட்டினார். "மாடியில துணி எடுக்கப் போனப்போ தோணுச்சு டாக்டர், அங்கேயே எழுதிட்டேன்." அவர் சம்மதத்தோடு அந்த வரிகள்:

தெருவிளக்கே,
உனக்கு மட்டும் யார் சூட்டியது
இந்த வானவில் மாலை?
உள்ளே நீலம், ஓரத்தில் சிவப்பு.
தூங்கி எழுந்தால்
மாலையும் இல்லை, தலைவலியும் இல்லை.

இரண்டே நிமிடத்தில் எழுதிய கவிதையாம். எனக்கு அழகாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் க்ளாக்கோமா நோயின் அறிகுறியாக இது இருக்கலாம். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறதா என்று கேட்டால் பலரும் யோசித்துவிட்டு இல்லை என்றுதான் சொல்வார்கள். இவர் நேரம், நிற வரிசை, தலைவலி, தூங்கியதும் சரியாவது என எல்லாவற்றையும் எழுதியிருந்தார்.

கண்ணுக்குள் நீர் சுரந்து, கருவிழிக்கும் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) அதன் பின்னுள்ள நிறமான ஐரிஸ் திரைக்கும் இடையிலுள்ள கோணத்தின் வழியாக வடிகிறது. சிலருக்கு இந்தக் கோணம் பிறவியிலேயே குறுகல். வயதாக ஆக உள்ளிருக்கும் லென்ஸ் தடிப்பதால் இன்னும் குறுகும். மங்கலான வெளிச்சத்தில் பாவை, அதாவது ஐரிஸ் நடுவிலுள்ள கறுப்புத் துளை, விரியும்போது வழி அடைபடலாம். சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் கண் அழுத்தம் அப்போது விறுவிறுவென்று ஏறும். கருவிழியில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நுண்ணிய நீர்த்துளிகள்தான் விளக்கொளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுகின்றன. தூங்கும்போது பாவை சுருங்குவதால் பலருக்கு வழி மறுபடி திறந்துவிடும். அதனால்தான் காலையில் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி தெரிகிறது. பகலில் அழுத்தம் பார்த்தாலும் சரியாகவே இருக்கலாம்.

வானத்து வானவில்லைப் பார்க்கச் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இந்த வளையமோ விளக்கையே சுற்றி நிற்கும். பனிமூட்டத்திலும் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும்தான். அப்படியென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், அவருக்கும் தெரியும். இன்னொரு வழி, கையை நீட்டிக் கட்டைவிரலால் விளக்கை மட்டும் மறைத்துப் பாருங்கள். வளையமும் சேர்ந்து மறைந்தால் அது கண்ணில் உண்டாவது.

அதற்காகப் பயந்துவிட வேண்டாம். கண்புரை இருந்தாலும், காண்டாக்ட் லென்ஸை அதிக நேரம் போட்டிருந்தாலும் வளையம் வரும். எங்களிடம் மெல்லிய கீறல் போட்ட ஒரு தட்டு உண்டு. அதைக் கண்முன் நகர்த்தும்போது கண்புரை வளையம் துண்டு துண்டாக உடையும், அழுத்தத்தால் வரும் வளையம் மங்கினாலும் முழுசாகவே நிற்கும். ஆனால் முடிவாகச் சொல்வது கோனியோஸ்கோபி பரிசோதனைதான். சின்னக் கண்ணாடி பொருத்திய லென்ஸைக் கண்மேல் வைத்து அந்தக் கோணத்தையே பார்ப்போம். வலிக்காது. பவர் மட்டும் பார்த்துக் கண்ணாடி வாங்கும் இடத்தில் இது தெரியவராது. கேட்டுப் பெறுங்கள், குறிப்பாக நாற்பதைத் தாண்டியவர்கள், பிளஸ் பவர் உள்ளவர்கள், பெண்கள்.

சளி மாத்திரை, பயண வாந்தி மாத்திரை சிலவும் பாவையை விரிக்கும். கோணம் குறுகல் என்று தெரிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

வளையத்தோடு கண் சிவந்து, மண்டை பிளக்கிற வலியும் வாந்தியும் வந்தால் பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருக்க வேண்டாம். அன்று இரவே கண் மருத்துவமனைக்குப் போங்கள். க்ளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது.

கவிதை எழுதிய அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கோணம் குறுகலாகத்தான் இருந்தது. பார்வை நரம்பு இன்னும் பாதிக்கப்படவில்லை. லேசரால் ஐரிஸில் ஊசிமுனையளவு துளை போட்டு நீருக்கு மாற்றுவழி செய்தோம். இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் கூடப்பிறந்தவர்களையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். அக்கா அடுத்த வாரம் வருகிறார்.