என்கிரிப்ஷனுக்கு குறியாக்கமுங்களா?

பேங்க் ஆப்புல உதவிப் பக்கத்தைத் தமிழ்ல தொறந்தா போதும், "உங்கள் தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்டு அனுப்பப்படுகின்றன"ன்னு ஒரு வரி வந்து நிக்குதுங்க. ஏனுங்க, அதென்ன குறியாக்கம்?

இங்கிலீஷ்ல என்கிரிப்ஷன்ங்கறதைத்தான் அப்படி எழுதிருக்காங்க. அதோட வேர் கிரேக்கத்துல கிரிப்டோஸ். மறைஞ்சது, ஒளிச்சு வெச்சதுன்னு அர்த்தம். அவ்ளோதானுங்க.

குறியாக்கம்ங்கற சொல்லு நமக்கு என்கோடிங்குக்கு வேணும், அதாவது எழுத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியற குறியா மாத்தறதுக்கு. யூனிகோடுங்கற பொது எழுத்துப் பட்டியல்ல "அ"வுக்கு 2949ன்னு ஒரு நம்பர் குடுத்திருக்காங்க, அந்தப் பட்டியல் ஊருக்கே தொறந்து கெடக்குது, யாரு வேணா திருப்பிப் படிச்சுக்கலாம், படிக்கோணும்னுதான் அதைப் பண்றதே. என்கிரிப்ஷன் அப்படியே தலைகீழ். உங்க பிரவுசருக்கும் பேங்க் சர்வருக்கும் நடுவுல டிஎல்எஸ்ங்கற மறைச்சு அனுப்பற முறையில ஓடற தகவல் நடுவழியில எவன் கையில சிக்குனாலும் சாவி இல்லாம ஒண்ணும் புரியாது. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு வெரலப் புடிச்சு வெலை பேசுவாங்க பாருங்க, சுத்தி அத்தன பேரு நின்னாலும் வெலை அந்த ரெண்டு பேருக்குத்தான் தெரியும், அதான் என்கிரிப்ஷன். மாட்டு மேல போடற சூட்டுக்குறி எல்லாருக்கும் தெரியறதுக்குப் போடறது, அது என்கோடிங் மாதிரி. ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சா எப்படிங்க?

என்கிரிப்ஷனுக்கு மறையாக்கம்னு சொல்லலாம். மறைச்சதைத் திரும்பப் பிரிக்கறதுக்கு மறைநீக்கம். மறைன்னா வேதமல்லவான்னு ஒருத்தர் சண்டைக்கு வர்றாரு, குறளையும்தான் பொதுமறைங்கறோம், அதனால மறைக்கறதுங்கற அர்த்தம் செத்தா போச்சு? மறைகுறியாக்கம்னு எழுதறவங்களும் இருக்காங்க, அர்த்தம் சரிதான், ஆனா ஃபோன் ஸ்கிரீன்ல ஒரு பட்டன்ல அடங்குமா அது? தமிழ்ல வரலையா, என்கிரிப்ஷன்னே போட்டுட்டுப் போங்க, தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ தேவலை.

இதை விடக் கொடுமை, சில மொழிபெயர்ப்பாளருங்க "பாதுகாப்பானது"ன்னே எழுதிடறாங்க. மறைச்சு அனுப்பறது வேற, அந்தப் பக்கம் வாங்கறவன் நெசமாவே பேங்க்தானாங்கறது வேற. திருட்டு சைட்டுக்கும் சில பிரவுசர்ல காட்டற அதே பூட்டுப் படம், முகவரி முன்னால வர்ற அதே எச்டிடிபிஎஸ் கிடைக்குது. அதுனாலதான் 2025 அக்டோபர் 31க்குள்ள பேங்க்குக எல்லாம் டாட் பேங்க் டாட் இன் (.bank.in)னு முடியற முகவரிக்கு மாறோணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லுச்சு. அந்த முகவரியைப் பாருங்கன்னு நல்ல தமிழ்ல ஒரு வரி எழுதறதுக்குத்தான் அங்க ஆளே இல்லீங்க.