தீம் பார்க்கில் நினைவில் நிற்பது எது?

தீம் பார்க்குகளின் பார்வையாளர் சேவைப் பிரிவில் பணியாற்றியும், பின்னர் அப்பிரிவு ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தும் வந்த இத்தனை ஆண்டுகளில் ஒரு காட்சி மட்டும் என் மனத்தை விட்டு அகலவே இல்லை. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் வெயிலில் நின்ற ஒரு குடும்பம் ரைடின் வாயிலை அடைந்த பிறகுதான், அங்கிருந்த உயர அளவுகோலுக்கு அவர்களுடைய மகள் நான்கு சென்டிமீட்டர் குறைவு என்பது தெரிய வந்தது. குழந்தையின் உயிரைக் காக்கும் விதி அது. அதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்த அளவுகோல் வரிசையின் தொடக்கத்தில் நின்றிருக்க வேண்டும். மாலையில் கருத்துப் படிவத்தை நிரப்பிய தந்தை, அன்று ஏறி மகிழ்ந்த மற்ற ரைடுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இதை அவருடைய கோபம் என்று ஒதுக்கிவிட முடியாது. மனித நினைவு இயங்கும் விதமே அதுதான். உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு கையை 14 டிகிரி குளிர்நீரில் 60 வினாடி வைத்திருந்தார்கள். மறு கையை அதே நீரில் 60 வினாடியும், வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு உயர்ந்த மேலும் 30 வினாடியும் வைத்திருந்தார்கள். எதை மீண்டும் செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட நேரம் துன்பம் தந்த இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். உச்சக் கணமும் முடிவும் நினைவில் தங்குகின்றன. மொத்த நேரம் கரைந்துபோகிறது. டிஸ்னி பூங்காக்களில் நாளின் இறுதியில் கோட்டைக்கு மேல் வாணவேடிக்கை நிகழ்வதன் பயனை இதைக்கொண்டு புரிந்துகொள்ளலாம்.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டபோது, போலி அழைப்புச் சீட்டுகளால் கூட்டம் கட்டுக்கடங்காமல் பெருகியது. குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் குறைவாகவே இயங்கின. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகிப் பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. அப்படித் தொடங்கிய நிறுவனம்தான் காத்திருப்பதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தது. அதன் வரிசைகள் வளைந்து நெளிந்து தம் நீளத்தை மறைக்கின்றன. ரைடின் கதை வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது. பலகையில் அறிவித்த நேரத்துக்கு முன்பே பல சமயம் முறை வந்துவிடுவதால், காத்திருந்தவர் எதையோ வென்றதைப்போல் உணர்கிறார்.

காரணம் தெரியாத காத்திருப்பும் நியாயமற்ற காத்திருப்பும் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும் என்று மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985-இலேயே எழுதினார். ஊழியர்களுக்கு நான் முதல் நாளே கற்பிக்கும் பாடம் இது. ரைடு பழுதாகி நிற்கும்போது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரிசைக்குள் நடந்து சென்று, நடப்பதை உள்ளபடி சொல்லும் ஓர் ஊழியர் மக்களின் பொறுமையைக் காப்பாற்றுகிறார். ஒலிபெருக்கி அறிவிப்பு அந்த அளவுக்கு உதவுவதில்லை.

நியாயம் குறித்து எனக்கு உண்மையான கவலை உண்டு. 1999-இல் டிஸ்னி அறிமுகப்படுத்திய, நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடில் ஏற உதவிய ஃபாஸ்ட்பாஸ் என்னும் முன்பதிவு முறை எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. 2021-இல் அதன் இடத்தில் கட்டணச் சேவை வந்தது. பணம் கட்டியவர் பக்கத்துப் பாதையில் விரைந்து செல்வதைக் கண்முன்னே பார்த்து நிற்கும் குழந்தை கேட்கும் கேள்விக்குப் பெற்றோரிடம் நல்ல பதில் இல்லை. அன்றைய வருவாய் கூடலாம். ஆனால் பலமுறை வந்து பழகிய குடும்பங்களின் பற்றை அதற்கு விலையாகக் கொடுக்கிறோம் என்பதே என் கணிப்பு. இந்தியப் பூங்காக்கள் அந்த இரண்டு பாதைகளையும் குறைந்தபட்சம் ஒருவர் பார்வையில் மற்றவர் படாதபடி அமைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ரைடு முடிந்ததும் பாதை கடைக்குள் செல்வதும், ஒளிப்படக் கவுன்ட்டர் அங்கேயே இருப்பதும் தற்செயல் அல்ல. இதயத் துடிப்பு அடங்காத அந்த நிமிடங்களில் ஆண்டுச் சந்தா போன்ற பெரிய செலவுகளை முடிவு செய்யாதீர்கள். வீடு திரும்பி இரண்டு நாள் கழிந்த பிறகும் பிள்ளைகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அப்போது வாங்கலாம்.

பூங்கா மேலாளர்களிடம் நான் தவறாமல் கேட்பது, வாகன நிறுத்துமிடக் காவலருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்பதுதான். பெரும்பாலும் எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள். களைத்த குழந்தையைத் தோளில் சுமந்தபடி இருட்டில் காரைத் தேடும் ஒரு தந்தை, அன்று கடைசியாகப் பார்க்கும் முகம் அந்தக் காவலருடையது.