ஏர் இன்டேக்: காற்று உள்ளிழுப்பு

காரின் முன்பக்கம் காற்று நுழையும் வாயில் தொடங்கி, வடிகட்டிப் பெட்டி, மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய், காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடி, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிளை பிரியும் மேனிஃபோல்டு என்று வால்வு வரை போகும் வழி முழுவதையும் சேர்த்து ஏர் இன்டேக் என்கிறோம். புதுச்சேரி மேட்டுப்பாளையத்துப் பட்டறையானாலும் கடலூர் செம்மண்டலத்துப் பட்டறையானாலும் பேச்சு இப்படித்தான் நடக்கும்: "இன்டேக் சுத்தம் பண்ணணும்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது." நமக்கு வேண்டிய தமிழ்ச்சொல் இந்த வாக்கியத்தின் பின்பாதியிலேயே இருக்கிறது.

இன்டேக் என்பதில் உள்ள 'டேக்', எடுத்தல் என்னும் பொருளுடையது. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வினை. வட இங்கிலாந்தில் மேய்ச்சல் தரிசிலிருந்து வளைத்து வேலியிட்டுச் சேர்த்துக்கொண்ட நிலத்துக்கு இன்டேக் என்று பெயர். ஆற்றுநீர் கால்வாய்க்குள் நுழையும் வாய்க்கும், அதாவது நம்முடைய தலைமதகுக்கும், அதே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் இன்ஜினின் இந்த வேலையை 'அத்மிசியோன்' என்கிறார்கள். உள்ளே விடுதல், அனுமதித்தல் என்று பொருள். ஒரு மொழி எடுக்கிறது, இன்னொன்று அனுமதிக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்து வெளிக்காற்று உள்ளே பாய்கிறதே, அந்த வலுவை இரண்டுமே சொல்லவில்லை.

தமிழில் சில சொற்களைப் பொருத்திப் பார்க்கலாம். உட்கொள்ளல் சோற்றுக்கும் மருந்துக்கும் உரியது. உள்வாங்கல் என்றால் இந்தக் கரையோரத்தில் வேறு பொருள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ "உள்வாங்குது" என்ற சொல் காதில் விழுந்தால் மனம் கடலைத்தான் நினைக்கும். உறிஞ்சல் தவறில்லை; ஆனால் நாம் உறிஞ்சுவது இளநீரை, பாயசத்தை. காற்றை இழுக்கிறோம். நெஞ்சில் குழலை வைத்து டாக்டர் சொல்வதும் "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றுதான்.

இழு என்ற வேருக்கு இங்கே இன்னொரு பொருத்தமும் உண்டு. வண்டியின் வலுவுக்கும் நாம் வைத்திருக்கும் சொல் அதுவே. மேட்டில் ஏறும் வண்டி 'இழுக்கிறது', அதன் திறன் 'இழுவை'. இன்ஜின் காற்றை இழுத்தால்தான் வண்டி பாரத்தை இழுக்கும். காரணமும் விளைவும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. வெறும் 'இழுப்பு' என்றால் குழந்தைக்கு வரும் மூச்சிரைப்பு நோயை நினைவூட்டும். அதனால் முன்னொட்டுச் சேர்த்து 'காற்று உள்ளிழுப்பு' என்பதே என் தேர்வு. காற்றை அமுக்கித் தள்ளும் விசிறியான டர்போ வைத்த வண்டியில் டர்போ வரைக்கும் இழுப்பு, அதற்கப்பால் தள்ளல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு காற்று என்று பார்த்தால் சொல்லின் எடை புரியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்கிட்டால் 9,000 லிட்டர் காற்றுக்குக் குறையாது. புதுச்சேரியிலிருந்து கடலூர் வந்து சேர்வதற்குள் ஒரு சிறிய கார் ஏறத்தாழ பத்தாயிரம் லிட்டர் காற்றைக் குடித்துவிடும். அந்தக் காற்றில் கடலின் உப்பு ஈரமும், வானூர், பண்ருட்டிப் பக்கம் போனால் செம்மண் புழுதியும் கலந்திருக்கும்.

அதைத் தடுப்பது ஃபில்டர். இடைக்கால இலத்தீனில் 'ஃபில்ட்ரும்' என்றால் கம்பளி உரோமத்தை அழுத்திச் செய்த துணி. அதில் நீர்மங்களை வடித்தார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம்மிடம் இதற்கு இணையான பழஞ்சொல் உண்டு. நன்னூல் கடை மாணாக்கரைச் சொல்லும் இடத்தில் 'நெய்யரி' என்கிறது. நெய் வடிக்கும் பன்னாடை அது: நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மாணவனுக்கு இகழ்ச்சியான அந்தக் குணம்தான் காருக்கு வேண்டிய குணம். அரித்தல் என்றால் சலித்துப் பிரித்தல். 'காற்றரி' என்று சொன்னால் சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கும். ஆனால் 'காற்று வடிகட்டி' ஏற்கெனவே எல்லோர் வாயிலும் பழகிவிட்டது. பழகிய சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

காகித வடிகட்டியைத் தண்ணீரில் அலசக் கூடாது. மெல்லத் தட்டி, குறைந்த அழுத்தக் காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, அதாவது இழுப்புக்கு எதிர்த்திசையில், அடிக்க வேண்டும். கம்ப்ரசரை முழு வேகத்தில் வைத்து அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும்; அதன் வழியே போகும் மணல் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். வண்டியோடு வந்த கையேடு சொல்லும் கிலோமீட்டர் வந்ததும் மாற்றிவிட வேண்டும். புழுதிச் சாலையில் ஓடுகிறவர் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. பெட்டிக்கு அடுத்து, காற்றை அளக்கும் சென்சார் இருந்தால் அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைத் தவிர வேறு எதுவும் படக் கூடாது, விரல் உட்பட.

த்ராட்டில் என்ற சொல் தொண்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் 'மிடறு' இருக்கிறது. பழைய இசைநூல் மரபு குரலை மிடற்றுக் கருவி என்று பெயரிட்டது. ஒரு விழுங்கு நீரையும் ஒரு மிடறு என்கிறோம். தொண்டை, அதன் வழியே போகும் அளவு இரண்டையும் சொல்லும் இந்தச் சொல், காற்றின் அளவைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கிய உறுப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. 'காற்று மிடறு' என்று தயங்காமல் எழுதலாம். பிஸ்டன்களுக்குக் கீழே இருக்கும் கிராங்க் பெட்டியிலிருந்து வரும் எண்ணெய் ஆவி இங்கே படிந்து கறுப்பு வளையமாக இறுகும். சிக்னலில் நிற்கும்போது வண்டி துடிப்பதற்கு இது ஒரு காரணம். த்ராட்டில் கிளீனரை மென்மையான துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். மின்மோட்டாரால் இயங்கும் தகட்டைக் கையால் நெம்பக் கூடாது.

உள்ளிழுப்பை 'மேம்படுத்துவதாக' விற்கும் கூம்பு வடிகட்டிகளை நான் வாங்கச் சொல்லமாட்டேன். வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். மூடிய பெட்டியை எடுத்துவிட்டு, கொதிக்கும் இன்ஜின் அறைக்குள் திறந்த வடிகட்டியை வைத்தால் இழுப்பது சூடான, அடர்த்தி குறைந்த காற்று. சத்தம் மட்டும் கூடும். மைலேஜ் பற்றியும் ஒன்று: அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் கார்களில் அடைத்த வடிகட்டியை மாற்றியதால் மைலேஜ் குறிப்பிடும்படி கூடவில்லை. வேகமெடுக்கும் திறன் கூடியது. பட்டறையில் சொல்லும் 'இழுவை' அதுதான்.

இழுப்பு என்ற சொல் எச்சரிக்கையும் தருகிறது. 2011-இல் 'தானே', 2024-இல் 'ஃபெஞ்சல்' என்று புயல் வந்து தெருவில் தண்ணீர் நிற்கும்போது, காற்றுவாய் நீர்மட்டத்துக்குக் கீழே போனால் இன்ஜின் தண்ணீரை இழுத்துவிடும். "இன்ஜின் தண்ணி குடிச்சிடுச்சு" என்பார்கள். காற்றைப்போல் தண்ணீரை அமுக்க முடியாது; ஏறிவரும் பிஸ்டன் முட்டி நிற்க, அதைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் வண்டி நின்றுபோனால் சாவியை மறுபடி திருகாதீர்கள். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் பட்டறைக்குக் கட்டி இழுத்துப்போய், பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே போன நீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.