விழுந்தால் சிவப்பு: திருவாரூர் சந்திப்பில் ஒரு ரிலேயின் வேலை

திருவாரூர் ஆழித்தேரோட்டத்துக்கு ரயிலில் போய்த் திரும்பிய வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி என்று நான்கு பக்கமும் பாதை பிரிகிற அந்த நிலையத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் அசந்து மறந்து தவறான பட்டனை அழுத்திவிட்டால் இரண்டு வண்டிகள் ஒரே பாதைக்கு வந்து மோதிக்கொள்ளாதா? 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லைனிலிருந்து பிரிந்து வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியதையும், 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும் செய்தியில் பார்த்த எவருக்கும் இந்தச் சந்தேகம் வருவது நியாயமே. அழுத்தலாம், ஆனால் அந்தப் பட்டனுக்குப் பலன் இருக்காது என்பதே விடை. ஏன் பலன் இருக்காது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

திருவாரூர் சந்திப்பான கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1861–62-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை அகலப் பாதை போட்டபோது திருவாரூர் அந்த வழியில் இருந்த ஓர் ஊர், அவ்வளவுதான். 1875-இல் அந்தப் பாதையை மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். பிறகு தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் சொந்தப் பணத்தில் மாயவரத்துக்கும் (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டைக்கும் இடையே போட்ட பாதை 1894-இல் திறக்கப்பட்டு, பழைய பாதையைத் திருவாரூரில் வெட்டிக்கொண்டு போனது. ஒரு மாவட்ட உள்ளாட்சி அமைப்பு ரயில் பாதை போட்ட காலம் ஒன்று நம்மிடம் இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புதான். அகலமாக இருந்ததைக் குறுக்கியவர்கள், ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, அதையே மீண்டும் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக்கினார்கள். திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடி செல்லும் பகுதிக்கு அந்த மாற்றம் முழுமையடைய 2019 ஆயிற்று.

நான்கு திசைப் பாதைகள் சேருமிடத்தில் வண்டியைத் திருப்புவது எது? சுமார் 300 டன் எடையுள்ள ஆழித்தேர் கீழவீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு, இழுப்பவர்களின் பலத்தைவிடச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்களின் கைதான் தேரைத் திருப்புகிறது என்பது தெரியும். ரயிலும் அப்படித்தான்: முன்னால் அமர்ந்திருக்கும் லோகோ பைலட்டிடம் வேகத்துக்கும் பிரேக்குக்கும் கருவி உண்டு, ஸ்டியரிங் கிடையாது. திசையைத் தீர்மானிப்பது தரையில் இருக்கும் 'பாயிண்ட்'. முனை கத்திபோலச் சீவப்பட்ட இரண்டு நகரும் தண்டவாளங்களை ஒரு மின்மோட்டார் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளி, நிலையான தண்டவாளத்தோடு ஒட்டவைத்துப் பூட்டுகிறது. சக்கரத்தின் விளிம்பு, ஒட்டியிருக்கும் முனையைப் பின்பற்றிப் போகிறது. ஒட்ட வேண்டிய முனை சரியாக ஒட்டாவிட்டால் சக்கரம் இடைவெளிக்குள் புகுந்து வண்டி தடம்புரளும். அதனால்தான் பராமரிப்பு ஊழியர்கள் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் துண்டு ஒன்றை அந்த முனைக்கும் நிலையான தண்டவாளத்துக்கும் நடுவே வைத்துவிட்டு மோட்டாரை ஓட்டிப் பார்க்கிறார்கள். துண்டு இருக்கும்வரை பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, 'பூட்டிவிட்டேன்' என்ற மின்தகவலும் போகக் கூடாது. ஒரு சிறு ஜல்லி இடையில் சிக்கினால்கூட அந்த வழிக்குச் சிக்னல் கிடைக்காமல் போவது இந்த ஏற்பாட்டினால்தான்.

அடுத்தது, பாதை காலியாக இருக்கிறதா என்று அறிவது. இரவில், அடைமழையில், ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பாதையை மின்கடத்தா இணைப்புகளால் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டின் ஒரு முனையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து, மறுமுனையில் ஒரு ரிலேயை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, இணைக்கிறார்கள். வண்டி இல்லாதபோது மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தில் போய், ரிலேயின் கம்பிச்சுருள் வழியாக மறு தண்டவாளத்தில் திரும்புகிறது. சுருள் காந்தமாகி, ஓர் இரும்புத் தகட்டை மேலே இழுத்துப் பிடிக்கிறது. வண்டி உள்ளே வந்ததும் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடுகின்றன. பள்ளியில் படித்த பக்க இணைப்பு விதிப்படி, மின்னோட்டத்தில் பெரும்பகுதி தடை குறைந்த அச்சு வழியாகப் போய்விட, ரிலேக்குப் போதுமான மின்சாரம் கிடைக்காமல் தகடு கீழே விழுகிறது. தகடு விழுந்தால் அந்தத் துண்டில் வண்டி இருக்கிறது என்று பொருள்.

வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1870 வாக்கில் முதலில் செய்து பார்த்தது இதற்கு நேர்மாறானது: வண்டி வந்தால் ரிலே இழுக்கும், வராவிட்டால் சும்மா இருக்கும். பார்க்க அது இயல்பாகவே தோன்றும். ஆனால் கம்பி அறுந்தாலும் மின்கலம் தீர்ந்தாலும் அந்த ரிலே சும்மாதான் இருக்கும். வண்டி நிற்கும் பாதையைக் காலி என்று காட்டும். இதை உணர்ந்த ராபின்சன் முழு ஏற்பாட்டையும் தலைகீழாக்கி 1872-இல் காப்புரிமை பெற்றார். புதிய ஏற்பாட்டில் கம்பி அறுந்தாலும், மின்கலம் செத்தாலும், தண்டவாளம் முழுதாக முறிந்து இரண்டாகப் பிரிந்தாலும், எலி ஒயரைக் கடித்தாலும் விளைவு ஒன்றே: தகடு விழும், சிக்னல் சிவப்பாகும். 'பத்திரம்' என்று சொல்ல மின்சாரம் இடைவிடாமல் ஓட வேண்டும். 'ஆபத்து' என்று சொல்ல எதுவும் வேண்டாம். பொறியியலில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு அழகும் ஒருங்கே அமைந்த இன்னொரு யோசனையை நான் அறியேன்.

அந்தத் தகடு கீழே வருவதையும் தற்செயலுக்கு விடவில்லை. அது தன் எடையாலும், தகடு அசையும்போது மின்சுற்றைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனைகளின் விறைப்பாலும் விழும்படி செய்யப்பட்டிருக்கிறது. மின்சாரம் நின்றுபோகலாம், புவியீர்ப்பு நிற்காது. விழ முடியாமல் அது மேலேயே ஒட்டிக்கொள்ள முக்கியமான ஒரு வழி உண்டு: தொடுமுனைகளில் தீப்பொறி பறந்து, இரண்டு உலோகங்களும் உருகிப் பற்றவைத்ததுபோல் ஆகிவிடுவது. அதனால் முக்கியமான ரிலேக்களில் ஒரு முனையை வெள்ளியிலும் எதிர்முனையைக் கரியிலும் செய்கிறார்கள். கரி உருகி உலோகத்தோடு ஒட்டாது. இரண்டு முனைகளும் உலோகமாக உள்ள ரிலே வகையும் நம் ரயில்வேயில் உண்டு. அங்கே அது உண்மையிலேயே விழுந்ததா என்று சரிபார்க்கத் தனி மின்சுற்று போட வேண்டும். ரிலே அறைக் கதவுக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றது சிக்னல் பராமரிப்பாளரிடம். ஒருவர் தனியாக உள்ளே போய்க் கை வைக்க முடியாது.

டெல்டாவின் மழைக்காலம் இந்த ஏற்பாட்டைப் படுத்தி எடுக்கும். ஜல்லியில் சேறும் நீரும் சேர்ந்தால் மின்னோட்டம் ஈரத்தின் வழியே கசிந்து, வண்டியே இல்லாதபோதும் தகடு விழுந்துவிடும். பயணிகள் காரணம் தெரியாமல் ஊருக்கு வெளியே அரைமணி நேரம் நின்று திட்டுவார்கள். ஆனாலும் அது பத்திரமான தவறு. பயப்பட வேண்டியது மறுபக்கத் தவறுக்குத்தான். வண்டி அதிகம் போகாத லூப் லைனில் துருப்பிடித்துவிட்டால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நல்ல தொடர்பு கிடைக்காமல், வண்டி நிற்கும்போதும் ரிலே மேலேயே இருக்கக்கூடும். 0.5 ஓம் மின்தடையைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வைத்து, தகடு விழுகிறதா என்று சோதிப்பது இதற்காகத்தான். இப்போது பரவலாகிவரும் ஆக்சில் கவுண்டர் தண்டவாளத்தில் மின்சாரத்தை ஓட்டுவதில்லை. உள்ளே போன சக்கரங்களையும் வெளியே வந்த சக்கரங்களையும் காந்தப்புலத்தின் மாற்றத்தால் எண்ணி, கணக்கு நேரானால் மட்டும் காலி என்கிறது. துருவும் சேறும் அதற்குப் பொருட்டல்ல. ஆனால் முறிந்த தண்டவாளத்தை அது கண்டுபிடிக்காது.

இனி வாசகரின் பட்டனுக்கு வருவோம். ஒரு சிக்னல் பச்சையாக, அந்த வழியிலுள்ள ஒவ்வொரு பாயிண்டும் சரியான பக்கம் பூட்டியிருக்க வேண்டும். வழியிலும், நிற்க வேண்டிய சிக்னலைத் தாண்டி 120 மீட்டர் வரையிலும் பாதை காலியாக இருக்க வேண்டும். குறுக்கிடும் எல்லாச் சிக்னல்களும் சிவப்பாக இருக்க வேண்டும். இடையில் லெவல் கிராசிங் இருந்தால் கேட் மூடியிருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றையும் சொல்லும் ரிலேயின் தொடுமுனைகள் தொடர் இணைப்பில் கோக்கப்பட்டு, கடைசியில் சிக்னலுக்கு மின்சாரம் போகிறது. மயிலாடுதுறை வண்டிக்கு வழி கொடுத்தபின் அதில் குறுக்கிடும்படி தஞ்சாவூர் வண்டிக்குப் பட்டன் அழுத்தினால், சங்கிலியில் ஒரு கண்ணி திறந்திருக்கும், எதுவும் நடக்காது. வண்டி நெருங்கிய பின் கொடுத்த சிக்னலைத் திரும்பப் பெற்றாலும், வழக்கமாக 120 விநாடிகள் கழியும்வரை பாயிண்டுகள் நகர மறுக்கும். இப்படிப் பாயிண்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைப்பதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். கணினிவழி இன்டர்லாக்கிங் வந்த நிலையங்களில் ரிலேக்களின் வேலையில் பெரும்பகுதியை மென்பொருள் செய்கிறது, தர்க்கம் அதேதான்.

அப்படியானால் பாஹாநாகா பஜாரில் என்ன நடந்தது? லெவல் கிராசிங் கேட்டின் தடுப்பை மாற்றும் வேலையின்போதும், அதற்கு முன்பே செய்யப்பட்டிருந்த சிக்னல் சுற்று மாற்றத்திலும் நேர்ந்த பிழைகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கூறியது. பாயிண்ட் லூப் லைன் பக்கம் இருக்க, மெயின் லைனுக்குப் பச்சை விழுந்தது. ராபின்சனின் யோசனை அறுந்த கம்பியிடமிருந்து காக்கும். மாற்றி இணைக்கப்பட்ட கம்பியிடமிருந்து காக்காது. மாற்றி இணைத்த கம்பியிலும் மின்சாரம் ஓடும், ரிலேயும் இழுத்துப் பிடித்துக்கொண்டு 'பத்திரம்' என்று சொல்லும்.

விபத்துக்குப் பிறகு தலைவிதி என்றும் கிரகநிலை என்றும் பேசியவர்கள் உண்டு. ஆயுத பூஜையன்று சிக்னல் பேனலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒயரின் பெயர்ச்சீட்டு சரியாக இருக்கிறதா என்று மறுநாள் பார்க்கவும் வேண்டும். அம்ருத் பாரத் திட்டத்தில் திருவாரூர் உட்பட நூற்றுக்கணக்கான நிலையங்களின் முகப்பும் நடைமேடையும் புதுப்பொலிவு பெறுகின்றன, நல்லது. அதே அக்கறை சிக்னல் பராமரிப்புப் பணியிடங்களை நிரப்புவதிலும், வேலைக்காகப் போதுமான நேரம் போக்குவரத்தை நிறுத்தித் தருவதிலும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் ஒயரைத் தொட்ட எந்த வேலைக்குப் பிறகும் செய்ய வேண்டிய சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை: ஒருவர் அறையிலிருந்து பாயிண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்ற, இன்னொருவர் தண்டவாளத்தின் அருகே நின்று முனை உண்மையில் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துத் தொலைபேசியில் சொல்ல, பேனலில் தெரிவதோடு அதை ஒப்பிட்டு இருவரும் கையெழுத்திட்ட பிறகே வண்டியை விட வேண்டும்.