வீல் நட்டை எவ்வளவு இறுக்கலாம்?

"பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு ஸ்டட் டக்கென்று முறிந்து நட்டோடு வந்துவிட்டது. வண்டி பழசு, துருப் பிடித்திருக்கிறது என்கிறார் கடைக்காரர். அது மட்டும்தான் காரணமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். துருவுக்குப் பங்கு உண்டு. ஆனால் கழற்றும்போது முறிகிற ஸ்டட், பல நேரங்களில் அதற்கு முந்தைய முறை மாட்டியபோதே பாதி செத்திருக்கும்.

சக்கரம் பொருந்தி உட்காரும், அதோடு சேர்ந்து சுழலும் நடுப்பாகம் ஹப். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை வெட்டிய எஃகுத் தண்டுதான் ஸ்டட். சிறிய கார்களில் சக்கரத்துக்கு நான்கு, சற்றுப் பெரியவற்றில் ஐந்து. பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தடிமன். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் ஸ்டட்டுக்குப் பதிலாக போல்ட் இருக்கும், கதை அதேதான். காரின் எடை இந்தத் தண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவற்றின் வேலை ரிம்மை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது. அந்த அழுத்தத்தால் இரண்டுக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் எடையையும் பிரேக்கின் உலுக்கலையும் பெரும்பாலும் தாங்குகிறது.

எவ்வளவு அழுத்தம்? சிறிய கார்களுக்கு நிறுவனங்கள் சொல்லும் டார்க், அதாவது நட்டைத் திருகும் முறுக்கின் அளவு, ஏறத்தாழ 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. 100 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், காய்ந்த மரையில் ஒரு ஸ்டட்டின் இழுவிசை சுமார் 4 டன் வருகிறது. நான்கு ஸ்டட்டுக்கு 16 டன். ஒரு டன் காரில் ஒரு சக்கரத்தின் பங்கு கால் டன்தான். அப்புறம் ஏன் இத்தனை அழுத்தம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நட்டை இறுக்கும்போது ஸ்டட் நீள்கிறது. இழுக்க இழுக்க அதே விகிதத்தில் நீளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஹூக் விதி. 4 டன் இழுவிசையில் அது நீள்வது 0.06 மில்லிமீட்டர் அளவுதான், ஒரு தலைமுடியின் தடிமன். ஆனால் அந்த நீட்சியில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்டட் சுருங்கப் பார்க்கிறது, ரிம் விரியப் பார்க்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன.

இப்போது வளைவில் திரும்பும்போது ஒரு ஸ்டட் இருக்கும் இடத்தில் ரிம்மை ஹப்பிலிருந்து பிரிக்கப் பார்க்கும் அரை டன் விசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டட்டின் சுமை நாலரை டன் ஆகிவிடும் என்றுதானே தோன்றும்? ஆகாது. அந்த அரை டன்னில் பெரும்பகுதி, ஏற்கெனவே அழுந்திக் கிடக்கும் ரிம்மின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. சுற்றியுள்ள உலோகம் ஸ்டட்டைவிட விறைப்பானது என்பதால் ஸ்டட்டுக்குப் போய்ச் சேருவது சிறு பங்குதான். சாலை என்ன செய்தாலும் ஸ்டட் கிட்டத்தட்ட அதே 4 டன்னில் அசையாமல் நிற்கும்.

உலோகத்தைக் கொல்வது பெரும்பாலும் சுமையின் ஏற்ற இறக்கம்தான். 1842-இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பெரும் விபத்து நடந்தது. அதற்குப் பின் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் ரயில்வே பொறியாளர் அச்சுகளைத் திருப்பித் திருப்பிச் சோதித்து, ஒருமுறை எளிதாகத் தாங்கும் சுமையையே லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் எஃகு முறியும் என்று காட்டினார். தளர்ந்த நட்டில் நடப்பதும் இதுதான். பிடிப்பு இல்லாததால் ரிம் ஹப்பின் மேல் நழுவி, ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட்டை வளைத்து நிமிர்த்தும். சென்னையிலிருந்து மதுரை போவதற்குள் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை லட்சம் முறை சுற்றிவிடும். பக்கவாட்டு நழுவல் நட்டையும் மெல்லக் கழற்றும். 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் இதைச் சோதனையில் நிறுவினார். இப்படி முறிந்த ஸ்டட்டின் முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: ஒரு ஓரத்திலிருந்து வழவழப்பாக, அலையலையாகக் கோடுகள் பரவியிருக்கும். கடைசியில் ஒரேயடியாக அறுந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும்.

அப்படியானால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிவிடலாமே என்றால், அங்கேதான் காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் ஏர் கன் வருகிறது. 10.9 என்ற வலிமைத் தரத்து எஃகில் செய்த 12 மில்லிமீட்டர் ஸ்டட், ஏழு டன்னைத் தாண்டும்போது மீட்சி எல்லையை நெருங்கிவிடும். 170 நியூட்டன் மீட்டர் போதும் அதற்கு. ஏர் கன் இதைப்போல் சில மடங்கு கொடுக்கும், ட்ரிகரை விடும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டிய ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. இடுப்பு சிறுத்து, மரை இழுபட்டு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த முறை துருவோடு மல்லுக்கட்டித் திருகும்போது முறியும். பழி அன்றைக்குக் கழற்றியவர் தலையில் விழும்.

நம் காலும் சளைத்ததல்ல. டிக்கியில் இருக்கும் 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 170 வந்துவிடும். அதே நுனியைக் கையால் 40 கிலோ அளவுக்கு அழுத்தினாலே ஏறத்தாழ 100. பைப்பைச் சொருகி நீட்டுவதைக் கழற்றும்போது வேண்டுமானால் செய்யலாம், இறுக்கும்போது கூடவே கூடாது.

மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவுவதும் இதே வகை வம்புதான். நாம் போடும் டார்க்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. மீதி எல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகப் போகிறது. அந்த உராய்வை எண்ணெய் குறைத்தால், அதே 100 நியூட்டன் மீட்டர் 4 டன்னுக்குப் பதிலாக ஆறு டன்னுக்கு மேல் இழுத்துவிடும். கையேடு எண்ணெய் போடச் சொல்லாதவரை கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்தால் போதும். உராய்வைப் பற்றிய ஆய்வுக்கு ராக்கெட்டின் பவிசு கிடையாது, நிதியும் கொஞ்சம் கிள்ளித்தான் வரும் என்பது என் வருத்தம். ஓடுகிற எந்த வண்டியும் அதை நம்பித்தான் ஓடுகிறது.

மாட்டும்போது ஹப் முகத்தில் உள்ள துருவையும் மண்ணையும் துடைத்துவிடுங்கள். நடுவில் அழுக்கு இருந்தால் அது பிற்பாடு நசுங்கி, ஸ்டட்டின் நீட்சி குறையும். நட்டை முதலில் விரலால் சில சுற்றுப் போடவும். விரலுக்கு மடங்காத நட்டு மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக இறுக்கி, ஜாக்கியை இறக்கியபின், வைத்த டார்க் வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சால் முடிக்கவும். அலாய் வீல் என்றால் 80, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்ப்பது நல்லது. புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறக்காதவர்கள் இதை மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறார்கள்! ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வாங்கிக்கொள்ளும் டார்க் ரெஞ்சுகளில் எத்தனை அளவு சரிபார்க்கப்பட்டவை என்று கேட்டால் பதில் வராது.

கடையில் ஏர் கன்னால் முடுக்கிக் கொடுத்த நட்டை, வீட்டில் டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒன்று: 'க்ளிக்' சத்தம் உடனே வந்தால் நட்டு போதுமான அளவு இறுகியிருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். 110-இல் நிற்கிறதா 300-இல் நிற்கிறதா என்று அது சொல்லாது. ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்குவதுதான் வழி.